மூணாவதா வந்தவன் நெஞ்சில் தண்ணி

அந்த வார்டில் அப்போது இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஜன்னல் பக்கத்துக் கட்டிலில் காதர் பாய். உத்திரமேரூர் கடைத்தெருவில் அரிசி மண்டி வைத்திருப்பவர். குடலிறக்கத்துக்கு ஆபரேஷன் ஆகியிருந்தது. தையல் பிரிந்துவிடும், சிரிக்கக்கூடாது என்று அவருக்கு உத்தரவு.

அவருக்கு அடுத்து பெரியதனக்காரர் ஒருவர். மாட்டு வண்டி சாய்ந்து கால் ஒடிந்தவர். ஊரில் நாட்டாமையாகப் பெரியதனம் பார்க்கிறவர் என்பதால் வார்டிலும் எல்லாரும் பெரியதனம் என்றே கூப்பிட்டார்கள். அவர் ஊர்ப் பேரை நான் எழுதவில்லை. எழுதினால் அந்த ஒரு ஊர்தான் அப்படி என்று ஆகிவிடும்.

எதிர்க் கட்டிலில் ஆரோக்கியம். லாரி டிரைவர். மஞ்சள் காமாலை. கண்ணும் நகமும் மஞ்சள், வாய்க்கு மட்டும் ஒரு நோயும் இல்லை.

கதவோரக் கட்டிலில் நான், கன்னியப்பன். நெஞ்சில் தண்ணி. கட்டிலுக்குக் கீழே தரையில் என் வீட்டுக்காரி அஞ்சலை.

எனக்கு எழுத்து அவ்வளவு வராது. மூணாவது வகுப்போடு நின்றது. ஆனாலும் இந்த நோய் வந்தவர்களுக்கு இது எப்படி என்று தெரியட்டும். இன்னொன்றும் சொல்ல இருக்கிறது. அது நோயைப் பற்றியது இல்லை.

முதலில் வந்தது இருமல் இல்லை, குத்து. இடது விலாவில், மூச்சை உள்ளே இழுத்தால் கோணி ஊசி ஏறுகிற மாதிரி. எனக்கு சைக்கிள் மிதிக்கிறதுதான் பிழைப்பு. வாலாஜாபாத்தில் ஒரு சைக்கிள் கடையில் மாசச் சம்பளம். ரேஸ் நாளில் கடை பேருக்கு ரேஸ் ஓட்டணும். மற்ற நாளில் பங்க்சர் ஒட்டணும். ஜெயித்தால் கப்பு முதலாளிக்கு. விலா வலி எனக்குப் புதுசு இல்லை. ஒத்தடம் கொடுத்து ஓட்டினேன். பத்து நாளில் குத்து தானாக நின்றது. சரியாகிவிட்டது என்று நினைத்தேன்.

அதுதான் கெட்டது. நுரையீரல் மேல் ஒரு தோல் இருக்கிறது. விலா உள்பக்கம் ஒரு தோல். ரெண்டும் ஒன்றோடு ஒன்று உரசினால் குத்து வரும். நடுவில் தண்ணி சேர்ந்து ரெண்டையும் தள்ளி வைத்தால் உரசல் நின்றுவிடும், குத்தும் நின்றுவிடும். இதற்கு ப்ளூரிசி என்று பேர். படிக்கிறவர்களுக்குச் சொல்கிறேன். குத்து நின்று, மூச்சு வாங்க ஆரம்பித்தால், வீட்டில் உட்கார்ந்திருக்காதீர்கள்.

சாயங்காலம் சாயங்காலம் ஜுரம் வந்தது. படி ஏறினால் மூச்சு வாங்கியது. அஞ்சலை என்னைக் கூரத்தில் அவள் அம்மா வீட்டுக்குக் கூட்டிப்போனாள். அங்கிருந்து ஆஸ்பத்திரி கிட்ட. சீட்டு எழுதுகிறவர் எந்த ஊர் என்றார். அவள் கூரம் என்றாள். அதனால் வார்டில் நான் கூரத்தான் ஆனேன். என் ஊர் காவாந்தண்டலம்.

காத்திருந்தது நிறைய. பெஞ்சில் இடம் இல்லை, தரையில் உட்கார்ந்தோம். எக்ஸ்ரே எடுக்க ஒரு நாள், அது காய ஒரு நாள். டாக்டர் அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார்.

"கறுப்பா இருக்கிறது காத்து. வெள்ளையா இருக்கிறது தண்ணி."

இடது பக்கம் பாதிக்கு மேல் வெள்ளை.

"டி.பி. கிருமியால வர்றது. ஆனா சளியில கிருமி இல்லை. அதனால தனி வார்டு வேண்டாம். மத்தவங்களுக்கு ஒட்டாது" என்றார். அஞ்சலை அதை ரெண்டு தடவை கேட்டு நிச்சயம் பண்ணிக்கொண்டாள்.

தண்ணி எடுக்கிறது இப்படி. வார்டிலேயே, எல்லாரும் பார்க்க, நாற்காலியில் திருப்பி உட்காரவைப்பார்கள். நாற்காலிச் சாய்மானக் கட்டை மேல் கையை மடித்து வைத்துத் தலையைக் கவிழ்த்துக்கொள்ளணும். முதுகில் மரத்துப்போக ஒரு ஊசி. அப்புறம் பெரிய ஊசி, ரெண்டு விலா எலும்புக்கு நடுவில். வலியை விட, உள்ளே ஒன்று நுழைகிறது என்பது தெரிகிறதே, அதுதான் பயம். அசையாமல் இருந்தேன். பாட்டிலில் வைக்கோல் ஊறின தண்ணி நிறத்தில் இறங்கியது. கடைசியில் இருமல் வந்தது. நிறுத்திவிட்டார்கள். மூச்சு கொஞ்சம் திறந்தது. சிஸ்டர் மலையாளக்காரம்மா. "நல்லவண்ணம் இருந்நு" என்று முதுகைத் தட்டினார், நன்றாக உட்கார்ந்திருந்தாய் என்று அர்த்தம்.

கட்டிலுக்கு வந்து படுத்தேன். அப்போதுதான் அந்தப் பேச்சு ஆரம்பித்தது.

சித்திரையில் ரேஸ் வருகிறது. காஞ்சிபுரத்தில் மில் சங்கு ஊதும்போது கிளம்பி, உத்திரமேரூர் கடைத்தெருவில் முடியும். நடுவில் ஆத்து மணலில் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடணும், மணலைத் தாண்டினால் பெரியதனத்தின் ஊர்த் தெரு. கடைக்காரர்கள் கமிட்டி நடத்துகிறது. முடிகிற இடத்தில் வாட்ச் பிடிக்கிறவர் காதர் பாய்.

"இந்த நாலஞ்சு வருசத்துல தனகோட்டி மாதிரி ஒருத்தன் கிடையாது. வாட்ச்சு என் கையில கீது, நான் சொல்றேன்" என்றார் பாய்.

"வாட்ச்சா மிதிக்குது? வந்தவாசி பாஷாவைப் பாத்துக்கீறியா பாய்? என் லாரி பின்னாலயே ஒட்டிக்கினு வருவான். ஹாரன் அடிச்சாலும் விட மாட்டான்" என்றான் ஆரோக்கியம்.

"லாரி காத்துல இழுத்துக்கினு போனா நான்கூட வருவேன். இந்த வயித்தோட வருவேன்."

"வா, வா. தையலைக் கையில புடிச்சிக்கினு வா."

பாய் சிரிக்கப் பார்த்து வயிற்றைப் பிடித்துக்கொண்டார். "சிரிக்க வைக்காதடா, பாவி."

"தனகோட்டிதான்" என்றார் பெரியதனம். "எங்க தெருவுல அவன் வர்றதைப் பாக்கணும். பசங்க சோடா ஒடச்சி நீட்டுவாங்க. ஒத்தக் கையில வாங்கிக் குடிப்பான். கால் நிக்காது. அது பொறவியிலயே வரணும்."

"மூணாவதா ஒருத்தன் வருவானே. காவாந்தண்டலத்தான். அவன்?" என்று கேட்டான் ஆரோக்கியம்.

"அவனா" என்றார் பாய். "ஆளு நல்ல ஆளுதான். தம் இல்ல. மூணு வருசமா பாக்கறேன். ஆத்தைத் தாண்டி அவன்தான் முன்னால வரான்னு சேதி வரும். கடைசியில பாத்தா மூணாவது. வழியில எங்கயோ விட்டுர்றான். நெஞ்சுல சரக்கு இல்லாதவன்."

அஞ்சலை எழுந்திருக்கப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். உட்கார்ந்துவிட்டாள்.

அவர்களுக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. தாடி வளர்ந்திருந்தது. உடம்பு பாதியாகியிருந்தது. தவிர, பாய் வருஷத்தில் ஒரு நாள் என்னைப் பார்ப்பார், அதுவும் கண் வாட்ச் மேல். பெரியதனம் என்னைப் பார்த்தது நான் குனிந்து போகும்போது. குனிந்து போகிறவன் முகத்தை யாரும் பார்க்கிறதில்லை.

ஏன் வாயைத் திறக்கவில்லை என்று அஞ்சலை வெளியே கூப்பிட்டுச் சண்டை போட்டாள். வார்டில் மூலையில் ஒரே தண்ணிப் பானை. எல்லாரும் அதில் மொண்டு குடித்தோம். பெரியதனம் வீட்டம்மா தினம் ரசம் கொண்டுவருவார். என் டம்ளரில் அவரே ஊற்றுவார். பெரியதனம் என்னைத் தம்பி என்று கூப்பிட்டார். எங்கள் தெருவுக்கு வெளியே என்னை அப்படிக் கூப்பிட்டவர்கள் குறைவு. எங்கள் தெரு ஊருக்கு வெளியே இருக்கிறது. சேரி என்பார்கள். வாயைத் திறந்தால் இதெல்லாம் போகும். நோயில் படுத்திருக்கிறவனுக்கு ரசம் பெரிசு. அதைச் சொல்ல எனக்கு வெட்கம் இல்லை.

ரெண்டாவது தடவை தண்ணி எடுத்தார்கள். இந்தத் தடவை கம்மி. மருந்து பிடிக்கிறது என்றார் டாக்டர். மருந்து ஊசி பாட்டில் சில நாள் ஆஸ்பத்திரியில் இருக்கும், இல்லாத நாள் வெளியே வாங்கணும். அஞ்சலை காலில் கொலுசு காணவில்லை. அந்த ஊசி போட்டால் காதில் வண்டு ரீங்காரம் மாதிரி கேட்கும். டாக்டரிடம் சொன்னால் அளவைக் குறைப்பார்கள். நான் சொல்லத் தாமதித்தேன், நீங்கள் தாமதிக்காதீர்கள்.

அடுத்த வாரம் ஒரு மத்தியானம், ரசம் சாப்பிட்டு முடித்து, மறுபடி அதே பேச்சு. பாயும் ஆரோக்கியமும் வரிசை போட்டுக்கொண்டிருந்தார்கள். தனகோட்டி ஒன்று, பாஷா ரெண்டு. இல்லை, பாஷா ஒன்று. மூணுக்கு மட்டும் தகராறு இல்லை.

"அவன் எங்கதான் விட்டுர்றான்?" என்றார் பாய். "அதான் எனக்குப் புரியவே மாட்டேங்குது."

"எங்க தெருவுலதான்" என்றார் பெரியதனம். "எறங்கித் தள்ளிக்கினு போவான்."

"எறங்கியா? ஏன், செயின் கழண்டுக்குமா?"

"செயின் இன்னா செயின். அவன் அந்த ஆளு பாய். எங்க தெருவுல எறங்கித்தானே ஆவணும். எங்க அப்பா காலத்துல உள்ளயே வரக்கூடாது. சுத்திக்கினு போவணும். இப்போ தள்ளிக்கினு போவட்டும்னு விட்டுட்டோம். அவனும் துண்டை இடுப்புல கட்டிக்கினு, குனிஞ்சி, மருவாதையா போவான். நல்ல பையன்."

பாய் எழுந்து உட்கார்ந்தார். "ரேஸ்லயா? ரேஸ் அன்னிக்குமா எறங்கறான்?"

"ரேஸுக்கு ஒரு தெரு, மத்த நாளைக்கு ஒரு தெருவா கீது?"

"அப்போ அதனாலதான் மூணாவதா?"

"அதெப்படி. டைம்னா டைம்தான். மூணாவதா வந்தா மூணாவது. தெறமை வேற, முறை வேற. இன்னா தம்பி, நான் சொல்றது?"

என்னைப் பார்த்துத்தான் கேட்டார்.

"அந்த ஆளு நான்தான்" என்றேன். மூச்சு வாங்கியது. கொஞ்சம் நிறுத்தி அப்புறம் சொன்னேன். "தம் இருந்தது. தெருதான் நீளம்."

பெரியதனம் என் முகத்தைப் பார்க்கவில்லை. மூலையில் இருந்த பானையைப் பார்த்தார். அப்புறம் தன் வீட்டம்மா கையில் இருந்த ரசப் பாத்திரத்தைப் பார்த்தார்.

"முதல்லயே சொல்லிருக்கலாமேப்பா" என்றார். தம்பி போய்விட்டது.

அஞ்சலை எழுந்துவிட்டாள். இந்தத் தடவை நான் அவளைப் பார்க்கவில்லை.

"இன்னா சொல்லணும்? நெஞ்சுல தண்ணினு சொன்னோம். எந்தத் தெருத் தண்ணின்னு டாக்டரு கேக்கல. ஊசி குத்தி எடுத்தாங்களே, நீயும் பாத்துக்கினுதானே இருந்த? உன் கண்ணுக்கு வேற நெறமாவா தெரிஞ்சிச்சு?"

"நான் தப்பா ஒண்ணும் சொல்லலியேம்மா. நல்ல பையன்னுதான் சொன்னேன்."

"குனிஞ்சா நல்ல பையன்."

சிஸ்டர் வந்து சத்தம் போடக்கூடாது என்றார். அதோடு நின்றது.

மறுநாள் பெரியதனம் கட்டில் பக்கத்தில் புதுப் பானை ஒன்று வந்தது. மூடி போட்டு, மேலே தனி டம்ளர். வீட்டம்மா ரசம் கொண்டுவந்தார். என் கட்டில் பக்கம் வரவில்லை. அவர் முகம் வாடித்தான் இருந்தது. வாடினால் எனக்கு என்ன. என்னிடமிருந்து நோய் ஒட்டாது என்று டாக்டர் சொன்னதை அவர் நம்பினார். இது ஒட்டும் என்று யாரும் சொல்லாமலே நம்பினார்.

காலையில் குழாயடியில் ஆரோக்கியம் பக்கத்தில் வந்து நின்றான். பல் துலக்கிக்கொண்டே மெதுவாகச் சொன்னான்.

"நானும் உங்க ஆளுதான்பா. மாதா கோயிலுக்குப் போறதால யாரும் தோண்டிக் கேக்கறதில்ல."

"நீ சொல்லலியே."

"காமாலைக்கு ரசம் ஆவாது. சொன்னா மட்டும் எனக்கு இன்னா நஷ்டம்? ஆனாலும் வாய் வரல." எச்சில் துப்பினான். "லாரி மேல ஒக்காந்துக்கினா எறங்கச் சொல்ல மாட்டாங்க. அதுக்குத்தான் டிரைவரானேன்."

உள்ளே வந்ததும் நேராகப் பெரியதனத்தின் புதுப் பானைக்குப் போனான். மூடியைத் திறந்து மொண்டு குடித்தான்.

"பெரியதனம், இது நல்லா ஜில்லுனு கீது. புதுப் பானை புதுப் பானைதான்."

"குடி, குடி" என்றார் பெரியதனம். ஆரோக்கியம் என் பக்கம் திரும்பவே இல்லை. இன்னொரு டம்ளர் மொண்டுகொண்டான்.

காதர் பாய் அன்று முழுக்கத் தலையணைக்கு அடியிலிருந்து வாட்ச்சை எடுத்து, மூடியைத் திறந்து பார்ப்பார். காதில் வைத்துக் கேட்பார். மூடி வைப்பார். மறுநாள் மத்தியானம் பொதுவாகச் சொன்னார்.

"வாட்ச்சு சரியாத்தான் கீது. ரேஸ்தான் தப்பு."

அப்புறம் என் கட்டில் பக்கம் திரும்பினார்.

"கன்னியப்பா, அந்தத் தெருவுல தள்ளிக்கினு போறப்போ எத்தினி பேரு உன்னைத் தாண்டுவாங்க?"

"ரெண்டு பேரு."

"அந்த ரெண்டு பேருதானா?"

"அந்த ரெண்டு பேருதான்."

"அப்போ மூணு வருசமும் நீதான்."

"பாய்" என்றார் பெரியதனம், "அரிசிக்கடையில எடை போடறாப்புல பேசாதே."

"எடைதான் பெரியதனம். தராசுத் தட்டுல ஒருத்தன் வெரலை வச்சிக்கினு இருந்திருக்கான். நான் முள்ளை மட்டும் பாத்துக்கினு இருந்துட்டேன்."

எனக்குச் சந்தோஷம் வரவில்லை. கோபம்தான் வந்தது. மூணு வருஷம் நெஞ்சில் சரக்கு இல்லாதவன் என்று ஒரு கடைத்தெரு முழுக்கப் பேசியிருக்கிறது. நெஞ்சு நன்றாக இருந்தபோது பேசினது அது. இப்போது நான்தான் முதல் என்கிறார்கள். இப்போது நெஞ்சில் ஊசி குத்தின ஓட்டை. எனக்குக் கொடுக்க வேண்டியதை, நான் வாங்க முடியாதபோதுதான் கொடுக்கிறார்கள். தனகோட்டிக்கும் மூணு வருஷமாகத் தெரியும். அந்தத் தெருவில் என்னைத் தாண்டிப்போவான். திரும்பிப் பார்த்ததில்லை. சோடா குடிப்பான்.

வீட்டுக்கு அனுப்புகிற அன்று டாக்டர் மறுபடி எக்ஸ்ரே பார்த்தார். தண்ணி இல்லை. ஆனால் இடது பக்கத் தோல் தடித்துவிட்டது. அந்தப் பக்கம் இனி முழுசாக விரியாது. மாத்திரையை வருஷக்கணக்கில் விடாமல் சாப்பிடணும். நன்றாக இருக்கிறதே என்று நடுவில் நிறுத்துகிறவர்கள்தான் திரும்ப வருகிறார்கள் என்றார். "சைக்கிள் மெதுவா ஓட்டலாம். ரேஸ் வேண்டாம்."

நான் வாலாஜாபாத் போவதற்குள் முதலாளி ஆள் அனுப்பி ரேஸ் சைக்கிளை எடுத்துப்போயிருந்தார். வேறு ஒருத்தனுக்குக் கொடுத்துவிட்டார். கப்பெல்லாம் அவர் கடை அலமாரியில் இருக்கிறது. பங்க்சர் ஒட்ட மட்டும் வரச்சொன்னார். போனேன்.

அந்த வருஷச் சித்திரைக்கு நான் இன்னும் வாலாஜாபாத் திரும்பவில்லை, வீட்டில் படுக்கையில் இருந்தேன். அடுத்த சித்திரைக்கு முன்னால் காதர் பாய் பஸ் ஏறிக் கடைக்கே வந்தார். பெஞ்சில் உட்கார்ந்து நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"கமிட்டியில பேசிட்டேன். முதல்ல ஏரிக்கரை மேல வழியை மாத்தலாம்னாங்க. அது ஓடி ஒளியறது, வேணாம்னுட்டேன். கடைசியில எல்லாரும் எறங்கட்டும்னு முடிவாச்சு. அந்தத் தெருவுல தனகோட்டியும் எறங்குவான், பாஷாவும் எறங்குவான். யாருக்கும் நஷ்டம் இல்ல."

டியூபைத் தண்ணியில் அமுக்கி ஓட்டை பார்த்துக்கொண்டிருந்தேன். பார்த்து முடித்தேன்.

"எல்லாரும் எறங்கினா, நான் ஏறினதா ஆவுமா பாய்?"

அவர் அலமாரியில் வரிசையாக இருந்த கப்புகளைப் பார்த்தார்.

"தகராறு வரும்பா."

"வரும்."

"தம் கீதா?"

"பாதி கீது."

"டாக்டரு?"

"வேணாம்னாரு."

பாய் எழுந்தார். "அப்போ ரூலு இப்படி. கெளம்பினதுலேர்ந்து ஆத்து மணல் தவிர எங்கயும் எவனும் கால் ஊணக்கூடாது. ஊணினா ரேஸ்ல இல்ல. தமுக்குப் போட்டுச் சொல்லிடறேன், அந்த ஊர்லயும். வாட்ச்சை என் மவன் புடிக்கட்டும். நான் தெருவுல நிக்கறேன்."

அஞ்சலைக்கு அன்று ராத்திரியே சொல்லிவிட்டேன். அவள் கேட்டது ஒன்றுதான். "சைக்கிளு?" வாடகை சைக்கிள் என்றேன். மட்கார்டு, கேரியர், ஸ்டாண்டு எல்லாம் கழற்றித் தர அவளே போய்க் கடைக்காரரிடம் பேசினாள்.

கிளம்புகிற இடத்தில் தனகோட்டி பக்கத்தில் வந்தான். என் டயரை அமுக்கிப் பார்த்தான். "காத்து கம்மி அண்ணே" என்று பம்பு கொண்டுவந்து அடித்துக் கொடுத்தான். வாங்கிக்கொண்டேன். மன்னித்ததாக அர்த்தம் இல்லை.

சங்கு ஊதியது. முதல் மைலிலேயே தெரிந்துவிட்டது. வலது பக்கம் இழுக்கிறது, இடது பக்கம் கதவு சாத்தின மாதிரி. ஆத்து மணலில் தோளில் சைக்கிளோடு ரெண்டு தடவை நின்றேன். ஆனாலும் மணலைத் தாண்டும்போது ஆறாவதாகவோ ஏழாவதாகவோ இருந்தேன்.

தெரு வந்தது. ரெண்டு பக்கமும் ஜனம். தனகோட்டி போன சத்தம் அடங்கியிருந்தது. காதர் பாய் குடையோடு பாதித் தெருவில் ஓரமாக நின்றிருந்தார். ஊருக்குள் போகும்போது பெல் அடிக்கணும் என்று கமிட்டி ரூல். அந்தத் தெருவில் எனக்கு அதுவரை பெல்லுக்கு வேலை இருந்ததில்லை. அடித்தேன்.

"எறங்குடா" என்று ஒரு குரல்.

"எறங்கினா ரேஸ்ல இல்ல" என்றார் பாய். சத்தமாகச் சொல்லவில்லை. அடிவயிற்றில் கையை வைத்துக்கொண்டு சொன்னார்.

ஒரு கல் வந்தது. பின் சக்கரத்தில் பட்டு ஒரு ஸ்போக் போனது. சக்கரம் ஆடியது. நான் விடவில்லை. மறுபடி பெல் அடித்தேன். தலையைத் தூக்கித்தான் போனேன். அதனால் எல்லாருடைய முகமும் தெரிந்தது. பெரியதனம் வாசலில் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றார். கையில் தடி. தூக்கவில்லை. எறங்கு என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. நல்ல பையன் என்று இனிமேல் சொல்ல மாட்டார்.

தெருவைத் தாண்டினதும் நெஞ்சு நின்றுபோன மாதிரி ஆனது. கண் இருட்டியது. ஒருத்தன் தாண்டினான், அப்புறம் ஒருத்தன். சின்னச் சின்னப் பையன்கள் எல்லாம் தாண்டினார்கள். பாஷாகூட அன்று என் பின்னால்தான் இருந்தான், அவனும் தாண்டினான். மிதித்துக்கொண்டே வந்தேன்.

கடைத்தெருவில் அஞ்சலை ஈரத் துண்டோடு நின்றிருந்தாள். சைக்கிளை அவள் பிடித்துக்கொண்டாள். நான் தரையில் உட்கார்ந்தேன்.

"எறங்கினியா?"

தலையை ஆட்டினேன், இல்லை என்று. பேச மூச்சு இல்லை.

பாய் மகன் வாட்ச்சைப் பார்த்து, சிலேட்டில் எழுதி, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி என் இடத்தைச் சொன்னான்.

பதினொண்ணு.